முன்சுவருக்கு ஒரு வாளிச் செம்மண்

எங்கடை ஒழுங்கையிலை குரோட்டன் செடி வைச்ச சாடிகள் ஒரு வீட்டு வாசலுக்குப் போச்சுதெண்டால் அந்த வீட்டை விக்கப் போகினம் எண்டு அர்த்தம். ஆரும் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. வீடு விக்கிறது எங்கடை பக்கத்திலை பாதி வெக்கக்கேடான விசயம். ரெண்டு தலைமுறை இருந்த வளவை விட்டுப் போறவை களவுக்குப் போறமாதிரி ஒளிச்சு மறைச்சுத்தான் வாங்க ஆள் தேடுவினம். ஆனால் எங்கடை மருத்துவிச்சி அக்கா அதுக்குள்ளை கால் வைச்சா எண்டால் பேந்து ஒளிப்பு மறைப்பு ஒண்டும் மிஞ்சாது. சாடிகள் எல்லாம் அவவின்ரை. தள்ளுவண்டிலிலை ஏத்திவிட்டு, தான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னாலை வருவா, பட்டப்பகலிலை, போறவை வாறவையோடை கதைச்சுக்கொண்டு.

எனக்குச் சீதனமாய்த் தந்த வீடு அவவின்ரை வீட்டுக்கு நேரெதிர். கலியாணம் முடிச்சு நாங்கள் குடிவந்த கிழமை, வெள்ளைச் சீலை உடுத்த ஒரு மனிசி ஒழுங்கை நடுவிலை சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு என்ரை வீட்டை முறைச்சுப் பாத்தபடி நிக்கிறா. நான் மரியாதையாய் வாசல் படலையடிக்குப் போய், "உள்ளுக்கு வாங்கோ அக்கா" எண்டன்.

"உள்ளுக்கு என்ன கிடக்கு? நீ வெளியிலை வா" எண்டா.

போனன். என்ரை தோளைப் பிடிச்சு வீட்டைப் பாக்கத் திருப்பிவிட்டா. "இப்ப சொல்லு பிள்ளை, என்ன தெரியுது?"

"வீடு தெரியுது."

"வீடு தெரியேல்லை. உன்ரை மனிசன் உடுக்கிற சாரம் காயிறதுதான் தெரியுது. முதல்லை அந்தக் கொடியைக் கழட்டிப் பின்னாலை கோடிப்பக்கம் கட்டு."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. ஆர் இவ, வந்ததும் வராததுமாய் என்ரை புருசன்ரை சாரத்தைப் பற்றிக் கதைக்க? அண்டைக்குப் பின்னேரமே கொடியைக் கோடிப்பக்கம் மாத்திக் கட்டினன். அவ சொன்னது சரி எண்டதுதான் என்ரை கோவமே.

ஊரிலை பாதிப் பிள்ளையளை இந்த உலகத்துக்கு இழுத்து வெளியிலை விட்டது அவவின்ரை கைதான். அரசாங்க மருத்துவிச்சி. கறுப்புப் பையைச் சைக்கிள் கூடைக்குள்ளை வைச்சுக்கொண்டு மழை வெயில் பாராமல் போவா. ஒவ்வொரு வீட்டுக்குள்ளையும், அதுவும் ஆரும் விடாத அறைக்குள்ளை, அவ போய் வந்திருக்கிறா. அதாலைதானோ என்னவோ வீட்டின்ரை உள்பக்கத்திலை அவவுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

"உள்ளுக்கு எல்லா வீடும் ஒண்டுதான் பிள்ளை" எண்டு சொல்லுவா. "அழுக்குத் துணி, புழுங்கின மணம், மாமியும் மருமோளும் முகம் குடுத்துக் கதையாயினம். டொக்டற்றை வீடும் அப்பிடித்தான், வண்டில்காரன்ரை வீடும் அப்பிடித்தான். வெளியாலைதான் வித்தியாசம். அதையாவது கவனிக்க வேண்டாமே?"

கோயிலையும் விடமாட்டா. கும்பிட முன்னம் கேணிக்கட்டிலை நிண்டு முகப்பை ஒருக்கா அளப்பா. "பிள்ளையார் நல்லவர்தான் ஐயா, வாசல்தான் சரியில்லை" எண்டு ஐயருக்கே சொல்லியிருக்கிறா. ஐயர் திருநீத்தை நீட்டி அனுப்பிவிட்டார். அவரின்ரை பிள்ளையள் அத்தினையையும் பெறுவிச்சது இந்த மனிசி, அந்த நேரம் ஐயர் முத்தத்திலை நிண்டு ஒப்பாரி வைச்சதையும் அறிஞ்ச மனிசி. ஒருக்கா ஒரு செத்தவீட்டிலை பாடை படலை தாண்டேக்கை மறிச்சு, சரிஞ்சு கிடந்த மாலையை நிமித்திவிட்டுத்தான் போகவிட்டவ. காவினவை பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டினம்.

வீடு விக்கிறவைக்கு அவ செய்து குடுக்கிற அலங்காரம் ஒரு தனிக் கலை. சுருட்டு முதலாளி ஒருவர் கொழும்புக்கே போறதெண்டு வளவை விக்க வெளிக்கிட்டார். அக்கா நடு றோட்டிலை ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, சுண்ணாம்பு அடிக்கிறவனுக்கு அங்கையிருந்து உத்தரவு. முன்சுவர் முழுக்க அடிச்சு, பக்கச் சுவரிலை ரெண்டு முழம் போனதும், "நிப்பாட்டு. அங்காலை ஒருதரின்ரை கண்ணும் போகாது" எண்டா. அவன் நிப்பாட்டினான். அதுக்கு அங்காலை பாசி பிடிச்ச கறுப்புச் சுவர் அப்பிடியே கிடந்தது. எங்கடை செம்மண் புழுதி மா மரத்து இலையிலை எல்லாம் ஏறிக் கிடக்குமே, அதையும் விடேல்லை. றோட்டுப் பக்கத்துக் கொப்புகளை மட்டும் வாளியிலை தண்ணி வைச்சுத் துடைப்பிச்சா.

எங்கடை ஊரிலை கலியாணம் எண்டால்தான் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறது. சுண்ணாம்பு காயமுன்னம் மேளகாரர் வந்து எந்தத் திகதி எண்டு கேட்டார். அந்த வீட்டிலை கலியாணம் முடியாமல் இருந்தது ஒரு கிடாய் ஆடு மட்டும்தான். ஆனால் வீடு விலைப்பட்டுது. வாங்கினவர் முதல் மாரி மழைக்கே சாக்கைத் தலையிலை போட்டுக்கொண்டு அக்காவிட்டை ஓடிவந்து, கூரை முழுக்க ஒழுகுது எண்டு சத்தம் போட்டார். அக்கா சைக்கிளைத் துடைச்சபடி, "கூரையைப் பற்றி எனக்கென்ன தம்பி தெரியும்? நானும் உம்மை மாதிரி றோட்டிலை நிண்டுதானே பாத்தனான்" எண்டா. மனிசன் சாக்கைத் திரும்பவும் தலையிலை போட்டுக்கொண்டு போனார்.

அவவின்ரை சொந்த வீட்டு முகப்பைச் சொல்லவே வேணும். சுண்ணாம்புக்குள்ளை துளி நீலம் கலந்து அடிச்ச சுவர், பச்சைப் படலை, நடைபாதைக்குக் கடற்கரை மணல், ரெண்டு பக்கமும் சாடிகள். கொழும்பாலை வாறவை காரை நிப்பாட்டிப் பாத்திட்டுப் போவினம். நான் ஒருநாள் பின்னாலை உள்ள பனங்காணியாலை வந்த நேரம், சுளகு திருப்பிக் குடுக்க வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளாலை பூந்து போனன். குசினிச் சுவர் கரியும் வெடிப்பும். ஒரு பானை, ஒரு சட்டி. அக்கா கிழிஞ்ச சீலையோடை நிலத்திலை குந்தியிருந்து சோறு தின்னுறா. என்னைக் கண்டதும் முகம் மாறிப்போச்சுது. "படலையாலை வரத் தெரியாதே உனக்கு?" எண்டு பேசினா. எனக்கு அவவிலை கோவம் வரேல்லை. சரியான கவலையாய்க் கிடந்தது.

அந்த வீடு அவவின்ரை கலியாணத்துக்கெண்டு தேப்பன் கட்டினது. பொம்பிளை பாக்க வந்தவை எல்லாரும் வாசலை மெச்சிப்போட்டுப் போனவைதான், ஒருதரும் திரும்பி வரேல்லை. இரவிலை சைக்கிளிலை திரியிற பொம்பிளை வேண்டாமாம். அப்பிடிச் சொன்னவையின்ரை பிள்ளையளும் ஒரு இரவிலை அந்தச் சைக்கிளை நம்பித்தான் பிறந்ததுகள், அதை ஆர் நினைக்கிறது? கலியாணம் ஒப்பேறாததாலை தேப்பன் வீட்டை மகன்ரை பேரிலை எழுதிப்போட்டுக் கண்ணை மூடிட்டார். தமையன் கொழும்பிலை கந்தோரிலை வேலை. தங்கச்சி இருந்திட்டுப் போகட்டும் எண்டு விட்டிருந்தார்.

பேந்து அவருக்கு லண்டனுக்குப் போற எண்ணம் வந்திட்டுது, குடும்பத்தோடை. ஒருநாள் காலமை றெயினிலை வந்து இறங்கினார். அக்கா எனக்கும் தேத்தண்ணி ஊத்தித் தந்ததாலை அவர் சொன்னதெல்லாத்தையும் நானும் விறாந்தையிலை இருந்து கேட்டன்.

"வீட்டை விக்கத்தான் வேணும் தங்கச்சி. உனக்குக் கொடிகாமத்திலை எங்கடை சொந்தக்காரர் வீட்டிலை ஒரு அறை கதைச்சிருக்கிறன். சாப்பாடும் அவையளே தருவினம்." பேந்து சுத்திவரப் பாத்துச் சிரிச்சார். "ஊரெல்லாம் நீதானாம் வீடு வடிவாக்கி வித்துக் குடுக்கிறனி. இதையும் ஒருக்கா வடிவாக்கிவிடன்."

"ஓம் அண்ணை" எண்டா அக்கா.

அவ்வளவுதான் சொன்னா. நான்தான் தேத்தண்ணிக் கோப்பையை உடைக்கிறமாதிரி வைச்சிட்டு எழும்பி வந்தன். பிறகு அக்கா கொடிகாமத்து அறையைப் போய்ப் பாத்திட்டு வந்து படலையடியிலை நிண்டு சொன்னா: "பின்னறை பிள்ளை. யன்னல் கோழிக்கூட்டைப் பாக்குது. அங்கை இருந்தால் நான் செத்துப்போவன்." பகிடி இல்லை, உண்மையாய்த்தான் சொன்னா.

அடுத்த கிழமை தள்ளுவண்டில் வந்தது. சாடிகள் எல்லாம் என்ரை வாசலிலை வந்து இறங்கிச்சுது. "நீங்களும் விக்கப் போறியளோ?" எண்டு ஒழுங்கை முழுக்க என்னைக் கேக்கத் துவங்கினவை. நான் அக்காவைக் கேட்டன். அவ சாடிகளை வரிசைப்படுத்திப்போட்டுப் போயிட்டா. விடிய எழும்பி வாசல் கூட்ட வந்தால், அவ வாளிக்குள்ளை செம்மண்ணைக் கரைச்சு, தன்ரை வெள்ளைச் சுவருக்குச் சளார் சளார் எண்டு எறியிறா. எறிஞ்சுபோட்டு றோட்டுக்கு ஓடிவந்து பாக்கிறா. போதாது எண்டு தலையை ஆட்டிப்போட்டு, திரும்ப ஓடிப்போய் யன்னலுக்குக் கீழை இன்னும் கொஞ்சம். எனக்கு விளங்கினதும் நான் வாசல்படியிலையே இருந்து சிரிச்சன்.

பாழாக்கிறதிலையும் அவவின்ரை கைவேலை தனி. கன்னாபின்னா எண்டு செய்யேல்லை. படலையின்ரை ஒரு பிணைச்சலைக் கழட்டிச் சரியவிட்டா. ஓட்டிலை முன்வரிசையிலை மட்டும் ரெண்டு மூண்டை இழுத்துக் கோணலாக்கினா. வேலிப் பூவரசங் கதியாலை ஆடு கடிக்க விட்டா. நானும் என்ரை பங்குக்கு ஒரு துருப்பிடிச்ச தார்ப்பீப்பா குடுத்தன். கதை மெல்ல ஒழுங்கை முழுக்கப் பரவி, ஒருதர் உடைஞ்ச வண்டில் சில்லு, இன்னொருதர் கிழிஞ்ச மெத்தை எண்டு கொண்டுவந்து குடுத்தினம். எல்லாத்தையும் அவ வாங்கேல்லை. மெத்தையைத் திருப்பி அனுப்பிட்டா. "அதையும் போட்டால் அளவு கூடிப்போம்" எண்டா.

முடிச்சதும் என்னைக் கூப்பிட்டு றோட்டிலை நிப்பாட்டினா. "பார். வாங்குவியோ?"

"சும்மா தந்தாலும் வேண்டாம் அக்கா."

அப்பதான் அவவின்ரை முகத்திலை கனநாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பைக் கண்டன்.

வீடு பாக்க ஆக்கள் வந்தினம். ஒரு டாக்குத்தர் காரை விட்டு இறங்கவே இல்லை. இன்னொருவர் மனிசியோடை வந்து, மனிசி படலையைத் தொட்டுப் பாத்து, அது கையோடை வந்து, ரெண்டு பேரும் போயிட்டினம். தமையன் கொழும்பாலை கடிதத்துக்கு மேலை கடிதம். "ஆக்களுக்குப் பிடிக்கேல்லையாம்" எண்டு அக்கா எழுதிவிடுவா. இந்த மாதிரி இன்னும் கொஞ்ச நாள் இழுத்தால் மனிசன் அலுத்துப்போய் வீட்டை விட்டிட்டு லண்டனுக்குப் போயிடும் எண்டு எங்கடை கணக்கு.

கடைசியாய் வந்தவர் படலையாலை வரேல்லை. பக்கத்து ஊர்த் தோட்டக்காரர் ஒருவர், நாப்பத்தைஞ்சு வயது இருக்கும். பனங்காணிக்குள்ளாலை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, அந்த வேலிப் பொட்டாலை பூந்து, நேரை கிணத்தடிக்குப் போயிட்டார். கிணத்துத் துலாக் கிரீச்சிட்ட சத்தம் கேட்டுத்தான் நானும் அக்காவும் கோடிப்பக்கம் ஓடிப்போனம். மனிசன் ஒரு வாளி அள்ளி, உள்ளங்கையிலை விட்டு, வாய்க்குள்ளை வைச்சு உருட்டி, துப்பினார். திரும்ப விட்டு, இந்த முறை குடிச்சார். குனிஞ்சு ஒரு பிடி மண்ணை எடுத்து விரலாலை கசக்கிப் பாத்தார். வீட்டுப் பக்கம் கண்ணும் போகேல்லை.

வெளிநாட்டிலையிருந்து வாற வெங்காயத்தையும் மிளகாயையும் அரசாங்கம் நிப்பாட்டி, எங்கடை தோட்டக்காரருக்குக் காசு கொட்டின காலம் அது. நல்ல தண்ணிக் கிணறு வைச்சிருந்தவன்தான் ராசா. எங்களுக்கு அந்தக் கிணறு நினைவிலேயே வரேல்லை. றோட்டிலை நிண்டால் கிணறு தெரியாது.

"தண்ணி இப்ப நல்லாத்தான் கிடக்கு" எண்டார் அவர். "கோடைக்கு எப்பிடி? உவர் ஏறுமோ?"

நான் முந்திக்கொண்டன். "ஏறும் அண்ணை. பங்குனி சித்திரையிலை வாயிலை வைக்கேலாது. நாங்கள் எல்லாரும் கோயில் கிணத்துக்குத்தான் ஓடுறது. உதை நம்பிப் பயிர் வைச்சால் கருகிப்போம்."

மனிசன் யோசிச்சார். வாளியைக் கீழை வைச்சார். "அப்பிடியெண்டால் சரிவராது பிள்ளை" எண்டு சைக்கிளைத் திருப்பினார். நான் மனசுக்குள்ளை பிள்ளையாருக்குத் தேங்காய் நேந்தன்.

"ஆர் சொன்னது உவரெண்டு?"

அக்காதான். கிணத்துக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா, முகம் சிவந்து கிடக்கு.

"என்ரை அப்பு வெட்டுவிச்ச கிணறு. இந்த ஒழுங்கையிலை பிறந்த பிள்ளையள் எல்லாத்துக்கும் முதல் தண்ணி வார்த்தது இதிலை. எந்தக் கோடையிலை உவர்த்தது? எந்தக் கோடையிலை வத்தினது? கோயில் கிணத்துக்காரர் இஞ்சை வாறவை தம்பி, நாங்கள் அங்கை போறேல்லை."

நான் அவவின்ரை கையிலை கிள்ளினன். அதுக்குள்ளை எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டா. பேந்துதான் தான் என்ன செய்தது எண்டு விளங்கி, அப்பிடியே கிணத்துக்கட்டிலை இருந்திட்டா. தோட்டக்காரர் என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சார். அதுக்குப் பிறகு ஆர் என்ன சொல்லியும் பிரயோசனம் இல்லை.

"உங்களுக்கு விசரே அக்கா?" எண்டு காதுக்குள்ளை கேட்டன். "சுவர் முழுக்கச் சேறு எறிஞ்சனீங்கள், கிணத்துக்கு ஒரு சொல்லுப் பொறுக்கேலாதே?"

"சுவருக்கு நான் எறிஞ்சது பிள்ளை" எண்டா. "கிணத்துக்கு எறிஞ்சது நீயல்லோ."

சொல்லிப்போட்டு அழத் துவங்கினா. நானும் அழுதன். கோவத்திலைதான் அழுதன். இப்பிடி ஒரு மனிசியை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது?

அவர் போறதுக்கு முன்பக்கமாய்த்தான் போனார். நாங்களும் பின்னாலை போனம். றோட்டுக்கு ஏறினவர் தற்செயலாய்த் திரும்பி, அப்பதான் முதன்முதலாய் வீட்டைப் பாத்தார். சைக்கிளை நிப்பாட்டினார். சரிஞ்ச படலை, கோணல் ஓடு, சேத்துச் சுவர், தார்ப்பீப்பா.

"உதுக்குள்ளையோ அக்கா இருக்கிறியள்?" எண்டார். உண்மையான இரக்கம் அந்தக் குரலிலை. "நான் இதை இடிச்சுப்போட்டு அதிலையும் மிளகாய் வைக்கலாம் எண்டு நினைச்சன். இடிக்கிற கூலியே நட்டம் போலை கிடக்கு. தானாய் விழட்டும். விழுமட்டும் நீங்களே இருங்கோவன். தண்ணி இறைக்கிற மெசினுக்கும் ஒரு காவல் வேணும்."

தமையன் வந்து வீட்டைத் தோட்டக்காரருக்கு எழுதிக் கையெழுத்து வைச்சு, லண்டனுக்குப் போயிட்டார். அக்கா இருந்திட்டா. நான் சந்தோசத்திலை பாயாசம் காய்ச்சிக்கொண்டு போனால், அவ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறா.

"அந்தாளுக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள் பிள்ளை. வீடு வடிவாயிருக்கு எண்டு கண்டால் அடுத்த நாளே ஒருத்திக்குச் சீதனமாய் எழுதிப்போடும். சாகுமட்டும் நான் வீட்டின்ரை இந்த முகறையோடைதான் இருக்கோணும்."

அப்பிடித்தான் இருந்தா. ஒவ்வொரு மாரிக்கும் மழை சேத்தைக் கழுவிப்போடும். மழை விட்டதும் அக்கா வாளியோடை வெளிக்கிடுவா. ஊரெல்லாம் பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிற நேரம் அவ செம்மண் கரைப்பா. சைக்கிளிலை வெளிக்கிடேக்கை தன்ரை வீட்டைப் பாக்கமாட்டா, என்ரை வாசலையே பாத்துக்கொண்டு போவா. அதாலை என்ரை பாடு பெரும்பாடு. படலைக்குப் பூசின பச்சை மை காணாது, சாடிக்குத் தண்ணி காணாது, சாரத்தை ஆர் முன்னுக்குப் போட்டது எண்டு நாள்முழுக்க ஆய்க்கினை. சாடிகள் என்ரை வாசலிலையே நிண்டதாலை வீட்டுத் தரகர்மார் வேறை மாறி மாறி வந்து கதவைத் தட்டுவினம். வீடு விக்கிறவை ஒருதரும் அதுக்குப் பிறகு அவவைக் கூப்பிடேல்லை. அவவின்ரை வாசலைக் கண்டவை எப்பிடிக் கூப்பிடுவினம்?

ஒருநாள் பனங்காணியிலை நிக்கேக்கை அவவுக்குக் காய்ச்சல் எண்டு கேள்விப்பட்டு அவசரத்திலை கோடிப்பக்கமாய்ப் போனன். பேச்சு வாங்கப் போறன் எண்டுதான் நினைச்சன். குசினிச் சுவர் முழுக்கப் பூசி, நீலம் கலந்து வெள்ளை அடிச்சுக் கிடக்கு. யன்னலுக்குப் பூப்போட்ட சீலை. ஒரு குட்டிக் குரோட்டன், பால்பேணிக்குள்ளை. நான் வாயைப் பிளந்து நிக்க, அவ பாயிலை கிடந்தபடி, "என்ன பாக்கிறாய்? எங்கையாவது ஒரு இடத்திலை அடிக்கத்தானே வேணும்" எண்டா. அதுக்குப் பிறகு நான் படலையாலை போனதே இல்லை.

எண்பதாம் ஆண்டு கழிஞ்சு அவ செத்துப்போனா, நித்திரையிலை. பென்சன் எடுத்துக் கனகாலம் ஆகேல்லை. ஒழுங்கை முழுக்க வந்து நிண்டுது, அவ பெறுவிச்ச பெடியள் எல்லாம் மீசையோடை நிண்டினம். எனக்கு அந்தச் சேத்துச் சுவரைப் பாக்கப் பாக்கப் பத்தி எரிஞ்சுது. இந்த வாசலாலையோ அவவைக் கொண்டுபோறது? "என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" எண்டு பெடியளைக் கத்தினன். கிணத்திலை அள்ளி அள்ளி ஊத்தித் தேங்காய்த் தும்பாலை தேச்சினம். ஒருத்தன் கோணல் ஓட்டை நிமித்தினான், ஒருத்தன் படலையைத் திரும்பப் பிணைச்சலிலை பூட்டினான். சுண்ணாம்பு வந்தது, நீலம் என்ரை வீட்டிலை இருந்தது. சாடிகளைத் தள்ளுவண்டில் இல்லாமல் கையிலையே காவிக்கொண்டு வந்து வைச்சம். மத்தியானத்துக்குள்ளை, காரை நிப்பாட்டிப் பாக்கிற அந்தப் பழைய வீடு திரும்பி வந்திட்டுது.

தோட்டக்காரர் மாலையோடை வந்தார். செத்தவீடல்லோ, இந்த முறை முன்பக்கத்தாலை வந்தார். றோட்டிலையே நிண்டிட்டார். கீழையும் மேலையும் பாத்தார். தலையைச் சொறிஞ்சார்.

"இந்த வீடே?" எண்டு என்னைக் கேட்டார். "இவ்வளவு வடிவான வீட்டை வைச்சுக்கொண்டோ நான் மூண்டு பெட்டையளுக்கும் வெளியிலை வீடு தேடி நாயாய் அலைஞ்சனான்?"

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. செத்தவீட்டு வாசலிலை நிண்டு சிரிக்கக்கூடாதெண்டு சீலைத் தலைப்பை வாயிலை அடைஞ்சுகொண்டு குனிஞ்சன். தோள் குலுங்கினதைக் கண்டு அந்த மனிசன் நான் அழுகிறன் எண்டு நினைச்சு, "அழாதை பிள்ளை, அழாதை" எண்டார். அவர் சொன்னாப் பிறகுதான் நான் அழுதுகொண்டு நிக்கிறன் எண்டது எனக்குத் தெரிஞ்சுது.